அருவி தின்ற ஓர் எழுத்து

குமாரு, உன் பெங்களூர் பஸ் இந்நேரம் கடையநல்லூரைத் தாண்டியிருக்கும். என் மருமகள் செல்வி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். நீ வழக்கம்போலப் போனைக் குடைந்துகொண்டிருப்பாய். அந்தப் போனில்தான் இதைப் படிக்கப்போகிறாய். உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் உன் கல்யாணச் சாப்பாட்டில் உப்பு பற்றிப் பேசி முடித்த கையோடு எல்லாரும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒத்த வார்த்தைய வெலைக்குக் கேக்கானுவளாமே, அதுல அப்பிடி என்னதான் இருக்கு மதினி?" என்று செங்கோட்டைச் சித்தப்பா ஆரம்பித்து வைத்தார். பண்பொழி அத்தை முதல் வடகரை மாமா வரை ஆளுக்கொரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி எனக்கு விரல் வலிக்கிறது. அதனால் உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி இங்கேயே போடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். பதில் மட்டும் நீ சொல்ல வேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள்.

விவரம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் இருக்கிற நம் லாட்ஜின் பெயர் சாரல். நீ காலேஜ் படிக்கும்போது அதே பெயரில் இன்டர்நெட்டில் ஒரு முகவரி வாங்கிப் போட்டாய். டொமைன் என்கிறார்களே, அதுதான். ஒற்றைச் சொல், அப்புறம் ஒரு டாட், அதற்குப் பின்னால் ஒரு வால். வால் என்ன என்று இங்கே எழுதமாட்டேன். இந்தக் குரூப்பில் வாய் நீளமானவர்கள் அதிகம். அந்த முகவரியைத்தான் வடக்கே இருக்கிற ஒரு பெரிய கம்பெனி விலைக்குக் கேட்கிறது. என்ன விலை என்றும் எழுதமாட்டேன். கேட்டதும் உன் அப்பா நாற்காலியைத் தேடினார் என்பது மட்டும் போதும்.

அந்த முதல் போன் வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வைகாசிக் கடைசி, சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. லாட்ஜ் போன் அடித்தது. சென்னையில் கற்றுக்கொண்ட தமிழில் ஒருத்தர், "ஹலோ, சாரல்?" என்றார். நம் லாட்ஜுக்கு வருகிற போனில் பாதி இப்படித்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியும். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கூப்பிட்டு "சாரல் இருக்கா?" என்பார்கள். மலையில் சாரல் அடிக்கிறதா என்று கேட்கிறார்களா, லாட்ஜில் ரூம் இருக்கிறதா என்று கேட்கிறார்களா என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. நானும் பழக்கத்தில், "இன்னும் இல்லங்க, வெயில்தான் அடிக்கி" என்றேன். அவர், "நோ நோ மேடம், சாரல் உங்களோடதா?" என்றார். "ஆமா, எங்களுதுதான். எத்தன பேரு வாறிய?" என்று கேட்டேன். "சாரல் எங்களுக்கு வேணும் மேடம்." "எத்தன ரூமு?" "ரூம் இல்ல, முழுசா வேணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. சீசன் ஆரம்பிக்கும் முன்பே முழு லாட்ஜையும் கேட்கிற ஆள்! "கல்யாண பார்ட்டியா?" என்றேன். "கம்பெனி மேடம்" என்றார். "சீசன் முழுக்கவா?" என்றால், "எல்லா சீசனும்" என்கிறார். வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, மனதில் ஒரு கணக்குப் போட்டு, பேரம் பேசுவாரே என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் மெதுவாக, "அவ்ளோதானா மேடம்?" என்றார். கேலி பண்ணுகிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ்ளோதான். வெந்நீரும் அதுலயே சேந்துரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் ஆகவில்லை, உன் போன். "ம்மா, அவன்கிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்ச? உங்கம்மா ஒத்துக்கிட்டாங்கன்னு மெயில் அனுப்பிருக்கான்!" நான் பெருமையாக, "ஒரு கம்பெனிக்காரவுக லாட்ஜ மொத்தமாக் கேட்டாவ, சரின்னேன்" என்றேன். நீ கத்தினாய்: "லாட்ஜ் இல்லம்மா! பேரக் கேக்கான், பேரு!" பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "பேரக் கேட்டா சொல்ல வேண்டியதுதானட்டி, அதுக்கு எதுக்கு இந்தக் கூப்பாடு?" என்றார். விலைக்குக் கேட்கிறார்கள் என்று நான் விளக்கியதும் ரிட்டயர்டு ஏட்டையாவுக்கு உள்ளே இருந்த போலீஸ் முழித்துக்கொண்டது. "களவாணிப்பய. ஓடிபி கேட்டானா? ஆதார் கேட்டானா?" என்று என்னை நிற்க வைத்து விசாரணை. நீ அந்த ஆளிடம் பேசி, வெந்நீர் முதற்கொண்டு எல்லாவற்றையும் விளக்கி, சமாதானம் பண்ணி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. வடக்கே கடன், வரி, இன்சூரன்ஸ் என்று தொழில் செய்கிறவர்களுக்குக் குற்றாலத்துச் சாரல் எதற்கு? உன் அப்பா, "குடை வியாபாரமும் வச்சிருப்பான்" என்றார். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. விடை சொன்னது செல்விதான். தென்காசி ஜவுளிக்கடையில் முகூர்த்தப்புடவை எடுக்கப் போயிருந்தபோது நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் அப்பா ராணுவத்தில் இருந்ததால் பிள்ளை சொந்த ஊர் கடையத்தில் இருந்ததைவிட வடக்கே கண்டோன்மென்ட்களில் வளர்ந்ததுதான் அதிகம் அல்லவா? கையில் இருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டு, "அத்தே, அவங்களுக்குச் சாரல்னா என்னன்னே தெரியாது. ஹிந்தில சரல்னா ஈசி, நேரானது, சிக்கல் இல்லாததுன்னு அர்த்தம். அதத்தான் கேக்காங்க" என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "நாம சரளமா பேசுதான்னு சொல்லுதோமே, அந்தச் சரளமா?" என்றேன். "அதேதான் அத்தே!" என்று கையைத் தட்டினாள். கடைக்காரர் எங்களுக்குப் புடவை பிடித்துவிட்டது என்று நினைத்துப் பில் போடக் கிளம்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது குமாரு. நாம் மழைத்தூறலைக் கையில் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதே ஐந்து இங்கிலீஷ் எழுத்தில் பாதி இந்தியா வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது, உனக்கே அது முழுதாகத் தெரியாது. சாரல் என்பதை இங்கிலீஷில் ஒழுங்காக எழுதினால் 'சா'வுக்கு இரண்டு ஏ வர வேண்டும். நம் போர்டில் ஒன்றுதான் இருக்கிறது. காரணம், லாட்ஜ் திறந்தபோது போர்டு எழுத வந்த பெயிண்டர் முதலில் வலது பக்கம் அருவியை வரைய உட்கார்ந்தார். மனிதருக்கு உற்சாகம் கூடிவிட்டது. அருவி, பாறை, குளிக்கிற ஆட்கள், ஒரு குரங்கு என்று போர்டில் பாதியை எடுத்துக்கொண்டார். தமிழில் எப்படியோ எழுதிவிட்டார். இங்கிலீஷுக்கு வந்தபோது ஓர் எழுத்துக்கு இடமில்லை. நான் சண்டை போட்டேன். உன் அப்பாதான், "ஒரு ஏ தானட்டி, அது இல்லாட்டி சாரல் அடிக்காதோ?" என்று பெயிண்டருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு நீ காலேஜில் முகவரி பதியும்போது போர்டைப் பார்த்து அப்படியே எழுத்துக்கூட்டி அடித்தாய். அருவி அந்த ஏ-யைத் தின்னாமல் இருந்திருந்தால் நம்மிடம் இருப்பது வேறு முகவரி. அதை வடக்கத்தியார் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஒற்றை வார்த்தைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இந்த ஒரு மாதமாக எனக்கு வேறு யோசனையே இல்லை. செல்வியிடம் கேட்டேன், உன்னை நச்சரித்தேன், கடைசியில் மெயின் அருவிக்கரையில் நிற்கும்போது எல்லாம் விளங்கியது. சீசன் கூட்டத்தில் அங்கே யார் யாரைத் தேடினாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அருவிச் சத்தத்தில் நீளமான பேச்சு எதுவும் போய்ச் சேராது. "கருப்பசாமி அண்ணாச்சி மகன் சுப்பிரமணியன் எங்கன இருக்கிய" என்று கத்தினால் "யன்" மட்டும்தான் கரையேறும். "மணி!" என்று கத்து, போய்ச் சேரும். பெயர் என்றால் அப்படி இருக்க வேண்டும். பஸ்ஸில் போய்க்கொண்டே போனில் கேட்டாலும், ஆட்டோவின் முதுகில் ஒரு நொடி பார்த்தாலும், யாரோ யாரிடமோ சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்தாலும் மனதில் நின்றுவிட வேண்டும். நம் பக்கத்து லாட்ஜுக்குச் சாமி பெயர், தாத்தா பெயர், காட்டேஜ், ரெசிடென்சி என்று ஒரு பஸ் நீளத்துக்குப் பெயர். அங்கே தங்கிவிட்டுப் போனவர்களே நம்மிடம் வந்து, "போன தடவ உங்க சாரல்லதான தங்கினோம்" என்கிறார்கள்.

ஆனால் அருவிக்கரையில் "மணி" என்று கத்தினால் நாலைந்து மணி திரும்பிப் பார்ப்பார்கள். இன்டர்நெட்டில் ஒரே ஒரு மணிதான் திரும்ப முடியும் சித்தப்பா! அதுதான் விஷயம். ஊரில் எத்தனை சாரல் லாட்ஜ், சாரல் பேக்கரி, சாரல் ஆயில் மசாஜ் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த எழுத்துகளில் அந்த வாலோடு முகவரி ஒன்றே ஒன்றுதான். முதலில் பதிந்து, வருஷா வருஷம் மறக்காமல் புதுப்பிக்கிறவன் கையில்தான் அது இருக்கும். இன்னொன்றை அச்சடிக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அகராதியில் இருக்கிற சொல் என்பதால் யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து ஜனங்கள் வாயில் புழங்குகிற சொல். 'குற்றாலம் ரூம் புக்கிங்' என்று மூன்று வார்த்தை சேர்த்து வைத்தால் விஷயம் பளிச்சென்று புரியும்தான். ஆனால் நாளைக்கு அந்தப் பெயரில் மிளகாய்ப்பொடி விற்க முடியுமா? 'சுலபம்' என்று அர்த்தம் வருகிற பெயரில் கடன் கொடுக்கலாம், பாடம் நடத்தலாம், எது வேண்டுமானாலும் விற்கலாம். அந்தச் சொல்லை முகவரியாக வைத்திருக்கிறவனைப் பார்த்தாலே இவன் ரொம்ப நாளாக இருக்கிற ஆள் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கையும் வரும். இதை அன்று இரவுச் சாப்பாட்டில் நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, உன் அப்பா எழுந்து போய்ப் 'போலீஸ்' என்ற பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். விலை என்று காதில் விழுந்ததுமே சித்தப்பாவும் கோடு போட்டு இணைத்த நாலு வார்த்தைப் பெயர்களாக வாங்கி அடுக்கிவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள் சித்தப்பா, வேண்டும் என்று ஒருத்தன் வந்து நிற்கும்வரை எந்தப் பெயருக்கும் விலை கிடையாது, வருஷச் சந்தாதான் உண்டு.

விலை யார் காதில் விழுகிறது என்பதையும் பொறுத்தது, குமாரு. நம் ஆட்களுக்கு அந்த முகவரி ஓட்டைப் பானைதான். சாரல் என்று கேட்டுவிட்டு ஒழுங்காக இரண்டு ஏ போட்டு அடிக்கிறார்கள். ஒன்றும் வராது. உடனே எனக்குப் போன்: "அக்கா, உங்க சைட்டு செத்துப்போச்சா?" அந்தக் கம்பெனிக்காரர்களின் வாடிக்கையாளர் காதில் விழுந்தால் ஒரு துளி சிந்தாது. கேட்டதை அப்படியே அடிப்பார்கள், நேராக வந்து நிற்பார்கள். ஒரே பெயர் ஒருத்தர் கையில் ஒழுகுகிறது, இன்னொருத்தர் கையில் நிற்கிறது. அவர்கள் ஏன் அத்தனை விலை சொல்கிறார்கள் என்று எனக்கு இதில்தான் முழுதாகப் புரிந்தது.

இப்போது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. மறுவீட்டுக்கு வந்த அன்று மொட்டைமாடியில் நீயும் செல்வியும் பேசிக்கொண்டிருந்தீர்கள். துணி எடுக்க வந்த எனக்குக் கேட்டுவிட்டது. "வித்தா தென்காசிலயே ஆபீஸ் போட்டுரலாம், நாம நெனச்ச வேலைய நாமளே செய்யலாம்" என்று அவள் சொன்னாள். நீ, "அம்மாவுக்கு மனசு தாங்காது. காலைல சாரல் இருக்கான்னு கேக்கதுக்குத்தான் நான் டெய்லி போன் பண்ணுதேன். அந்தப் பேஜ் போச்சுன்னா அவ என்னத்தச் சொல்லுவா?" என்றாய். நான் துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அழுகை வந்தது. ஒளிப்பானேன், நன்றாகவே அழுதேன். நீ பெங்களூருக்குப் போனதிலிருந்து தினமும் காலையில் கூப்பிட்டு, "ம்மா, சாரல் இருக்கா?" என்பாய். நான் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்து, இருக்கு, இல்லை, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்கள், பழைய அருவியில் விடவில்லை என்று சொல்வேன். நீ அதை அந்த முகவரியில் இருக்கிற உன் பக்கத்தில் போடுவாய். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு வண்டி எடுப்பார்கள். ஊருக்கே நான்தான் வானிலைக்காரி என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம். அந்தப் போனுக்காகத்தான் நான் சீக்கிரம் எழுந்திருக்கிறேன் என்பதும் உண்மை. ஆனால் லேய், என் மனசு தாங்காது என்று நீ எப்படி முடிவு கட்டினாய்? போனில் உன் குரல் வருகிறது என்பதற்காக உன்னையே பெங்களூரில் விட்டுவைக்க நான் என்ன கிறுக்கியா?

வித்துவிடு. சந்தோஷமாக வித்துவிடு. அவர்கள் கேட்பது நம் சாரலை இல்லை, அவர்களுடைய சரளத்தை. அது நம்மிடம் வழி தவறி வந்து இத்தனை வருஷம் தங்கியிருக்கிறது, நம் லாட்ஜுக்கு வருகிறவர்கள் மாதிரி. நல்லபடியாக வழியனுப்பி வைப்போம். கையெழுத்துப் போடும் முன் பணம் நடுவில் ஒரு நம்பகமான இடத்தில் வந்து நிற்க வேண்டும், அப்புறம்தான் முகவரியை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று செல்வி சொன்னாள், அதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதே. அந்த ஆளிடம் பேசும்போது என் பெயரைச் சொல்லாதே. வெந்நீரும் சேர்ந்ததுதானே என்று கேட்பார்.

ஒரு காரியம் நான் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். இன்று காலை நீ குளிக்கப் போயிருந்தபோது செல்வியை உட்கார வைத்து, சாரல் என்று இரண்டு ஏ போட்டு, அதே வாலோடு தேடச் சொன்னேன். காலியாக இருந்தது, யாரும் சீந்தவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். உலகத்தில் வேறு யாருக்கும் வேண்டாத எழுத்துக்கூட்டு. நம் ஆட்கள் இத்தனை நாளாகத் தப்பு என்று தெரியாமல் சரியாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் பெயரிலேயே பதிந்துவிட்டோம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக உன் பக்கத்தை அங்கே மாற்று. போர்டையும் மாற்றப்போகிறேன். பெயிண்டரை வரச் சொல்லியாகிவிட்டது. "அருவியக் கொஞ்சம் ஒல்லியாக்கச் சொல்லு, எழுத்துக்கு எடம் வேணும்லா" என்று உன் அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். குரங்கை எடுக்கக் கூடாது என்பது என் உத்தரவு.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே லாட்ஜ் போன் வந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம். "சாரல் இருக்கா?" என்று கேட்டார்கள். மலையா, ரூமா என்று நான் கேட்கவில்லை. "இருக்கு, வாங்க" என்றேன்.

நாளைக் காலையில் நீயும் கேள், சொல்கிறேன். அடுத்த சீசனுக்கு எனக்குப் போன் பண்ணாதே. உன் ரூம் ஜன்னலைத் திறந்து நீயே பார்த்துக்கொள்.